சுத்தம் என்கிற சொல்லும் ஜியோபாக்டர் என்கிற கிருமியும்

‘யுரேனியத்தைத் தின்னும் பாக்டீரியா’ என்று அறிவியல் செய்திகளில் அடிக்கடி தலைப்புப் போடுகிறார்கள். யுரேனியத்தை எந்த உயிரும் தின்று செரித்து இல்லாமலாக்க முடியாது. யுரேனியம் 238இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டுகள். பூமியின் வயசும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதை ஒரு கிருமி தின்னு தீர்த்துடும்னு நம்ப வைப்பதில் யாருக்கு லாபம்?

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றங்கரையில் ரைஃபிள் என்று ஒரு சின்ன ஊர். யூட் பழங்குடி மக்களை 1881இல் அந்தப் பகுதியிலிருந்து யூட்டாவுக்குத் துரத்திவிட்டு, அடுத்த வருஷமே வெள்ளைக் குடியேறிகள் உண்டாக்கிய ஊர். 1924இல் இங்கே ஒரு வனேடியம் ஆலை வந்தது. கொஞ்ச நாளில் யூனியன் கார்பைடின் துணைக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. ஆமாம், போபால் யூனியன் கார்பைடுதான். எஃகை உறுதிப்படுத்த வனேடியம் வேண்டும். அதே தாதுவில் யுரேனியமும் கிடந்தது. அணுகுண்டு வந்ததும் அதுக்கு மவுசு கூடிப்போச்சு. 1940களில் யுரேனியத்தையும் பிரிக்கத் தொடங்கினார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு, அரைத்த மிச்ச மண்ணை ஆற்றோரம் குவித்தார்கள். 1958இல் ஆலையை மூடிட்டுப் பக்கத்திலேயே புதுசா ஒண்ணு திறந்தாங்க. பழைய மண்மேடு அங்கேயே கிடந்தது. அதிலிருந்து யுரேனியம் நிலத்தடி நீருக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

1978இல் அமெரிக்க அரசு இந்த மாதிரி ஆலைகளின் கழிவுக்கென்று ஒரு சட்டம் போட்டது. ரைஃபிள் போன்ற கைவிடப்பட்ட இடங்களில் செலவில் 90 சதவீதம் மத்திய அரசு, 10 சதவீதம் மாநில அரசு. கம்பெனி எங்கே? கேட்காதீர்கள். 1996க்குள் மண்மேட்டை அள்ளி ஊருக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் புதைத்து மூடினார்கள். அடியில் இருந்த நீரையும் வண்டலையும் அள்ள முடியவில்லை. கிருமி இங்கேதான் கதைக்குள் வருகிறது.

1987இல் டெரெக் லவ்லி என்பவர் வாஷிங்டன் அருகே போட்டோமாக் ஆற்றுச் சேற்றில் கண்டெடுத்தது அது. ஜியோபாக்டர் என்று பின்னால் பெயர் வைத்தார்கள். நாம் சாப்பாட்டிலிருந்து உருவும் எலெக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். மூச்சு என்பது அதுக்குத்தான். ஆக்சிஜன் எட்டாத சேற்றில் இந்தக் கிருமி அவற்றை இரும்புத் துருவிடம் ஒப்படைக்கிறது. துருவிடம் மட்டுமில்லை, யுரேனியத்திடமும் ஒப்படைக்கும் என்று 1991இல் லவ்லி குழு எழுதியது. நீரில் கரைந்து ஓடும் யுரேனியம் இரண்டு எலெக்ட்ரான் வாங்கிக்கொண்டால் கரையாத திடப்பொருளாகி வண்டலோடு ஒட்டிக்கொள்ளும். ஆற்றுக்குப் போகாது. அளவு குறைவதில்லை, கதிர்வீச்சும் குறைவதில்லை. ஓட்டம் நிற்கிறது, அவ்வளவே. அதுவும் சின்ன விஷயமில்லை. கரைந்த யுரேனியம் குடிதண்ணீர் வழியே சிறுநீரகத்துக்குப் போகும் விஷம்.

2002இல் ரைஃபிளில் இதைச் செய்து பார்த்தார்கள். 20 குழாய்களை மண்ணுக்குள் இறக்கி மூன்று மாதம் அசிட்டேட் செலுத்தினார்கள். காடியிலிருந்து வரும் உப்பு அது, கிருமிக்குச் சாப்பாடு. வெளியிலிருந்து கிருமியைக் கொண்டுவரவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்ததற்குத் தீனி போட்டதோடு சரி. ஒன்பதாம் நாளே யுரேனியம் குறையத் தொடங்கியது. 50 நாளுக்குள் சில கண்காணிப்புக் கிணறுகளில் அரசு விதித்த வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டது. செய்திகள் பொதுவாக இங்கே நின்றுவிடும். அதே ஆய்வாளர்கள் மேற்கொண்டு எழுதியதையும் படிக்கணும். தீனி போடப்போட இரும்பு தீர்ந்தது. சல்பேட்டை வைத்து வாழும் வேறு கிருமிகள் கை ஓங்கியது. யுரேனியம் மறுபடி ஏறத் தொடங்கியது.

‘அறிவியலே அதிகாரம்’ என்று ஒரே வீச்சில் ஒதுக்குவது நம்ம ஆட்களுக்குக் கைவந்த வழக்கம். இங்கே அது உதவாது. முடக்கம் நிரந்தரமில்லை, ஆக்சிஜனோ நைட்ரேட்டோ திரும்பி வந்தால் யுரேனியம் மறுபடி கரையும் என்று சொன்னதும் ஆய்வாளர்களேதான். சுத்தம் என்ற சொல்லாடல் கட்டப்படும் இடம் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருக்கிறது. சுத்தம், அசுத்தம் என்று பிரிப்பது யாரை எங்கே ஒதுக்குவதற்கு என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ரைஃபிள் நிலத்தடியில் இன்னொன்றும் தெரியவந்தது. பழைய ஆற்றுப்படுகையில் புதைந்த சுள்ளி, இலைதழை மக்கும் இடங்களில், யாரும் தீனி போடாமலே கிருமிகள் யுரேனியத்தைச் சேர்த்து வைத்திருந்தன. ஆறு தானாகக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது அரசின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பியதற்கு இந்தத் திட்டுகளும் ஒரு காரணம்: சேர்த்து வைத்ததை அவை கொஞ்சம் கொஞ்சமாக நீருக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. முடக்கி வைத்ததே நாளைய ஊற்று. (இதே நிலத்தடி நீரிலிருந்துதான் ஜில் பேன்ஃபீல்டின் குழு, அதுவரை பெயர்கூட இல்லாத பாக்டீரியாக் கிளைகளின் மரபணுக்களைப் படித்தது, 2016இல் அவர்கள் வரைந்த உயிர்களின் குடும்ப மரத்தில் அவற்றுக்குப் பெரிய பங்கு. குப்பைமேட்டில் கிடைத்தது அது.)

டென்னஸியில் ஓக் ரிட்ஜ். அங்குள்ள அணு ஆயுத ஆலை 1951 முதல் 1983 வரை நைட்ரிக் அமிலமும் யுரேனியமும் கலந்த கழிவை எஸ்-3 குளங்கள் என்ற நான்கு குளங்களில் ஊற்றியது. அரசுக்காக அந்த ஆலையை 1947 முதல் 1984 வரை நடத்தியது யார்? யூனியன் கார்பைட். குளங்களை மூடி, மேலே தார் போட்டு, கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். அடியில் 2000களில் எத்தனால் செலுத்திக் கிருமிகளுக்குத் தீனி போட்டார்கள். அதற்கு முன் அமிலத்தையும் நைட்ரேட்டையும் குறைக்க வேண்டியிருந்தது. நைட்ரேட் இருக்கிறவரை கிருமிகள் யுரேனியத்தின் பக்கம் திரும்புவதில்லை. இங்கேயும் யுரேனியம் இறங்கியது. ஆக்சிஜன் உள்ளே வந்தபோது கொஞ்சம் மறுபடி கரைந்தது. இந்த ஆய்வுகளுக்கெல்லாம் பணம் கொடுத்தது அமெரிக்க எரிசக்தித் துறை. அணுகுண்டு செய்யும் வேலையும் அதே துறையின் கையில்தான்.

ரைஃபிளின் பழைய ஆலை நிலம் பிறகு நகராட்சிக்குக் கைமாறியது. பத்திரத்தில் ஒரு நிபந்தனை: அங்கே நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது.