செவிடான கருவி

2005இல் வெளிவந்த ‘சைலன்ட் ஹன்டர் 3’ கணினி விளையாட்டில் நாம் இரண்டாம் உலகப்போரின் ஜெர்மானிய நீர்மூழ்கித் தலைவர். இரவில் நீர்மேல் ஊர்ந்து வணிகக் கப்பலணிக்குள் புகுவதே தொடக்க ஆண்டுகளின் வெற்றித் தந்திரம். 1943ஐத் தாண்டியதும் இருள் மறைப்பதில்லை. நேச நாட்டு ராடார் 10 சென்டிமீட்டர் அலைக்கு மாறிவிட்டது. ‘மெடாக்ஸ்’ எச்சரிக்கைக் கருவிக்கு அவ்வலை கேளாது.

ஆகவே அணியின் பாதையைக் கணித்து, வெகு முன்னரே மூழ்கி, மின்கலம் தீராதவாறு மணிக்கு 2 கடல்மைல் வேகத்தில் காத்திருக்கிறோம். ஏழாம் வகைப் படகின் நீரடி உச்ச வேகமே ஏறத்தாழ ஏழரைக் கடல்மைல்தான். அதுவும் சிறிது நேரமே தாங்கும். துரத்துவது நடவாது, அணியே நம்மிடம் வரவேண்டும்.

வரலாறு தெரிந்திருப்பதால்தான் நமக்கு இந்தப் பொறுமை. 1943 மே மாதத்தில் மட்டும் 40க்கும் மேற்பட்ட படகுகள் அழிந்தன. மே 24இல் தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தம் படகுகளை விலக்கினார். ராடார் ஒன்றே காரணமன்று. விமானங்களும் உடைபட்ட மறைகுறியீடும் சேர்ந்துகொண்டன. ஜெர்மானியரோ மெடாக்ஸ் கசியவிடும் அலைகளே காட்டிக்கொடுப்பதாக ஐயுற்று, அக்கோடையில் அதை அணைக்க ஆணையிட்டனர். செவிடனை ஒற்றன் என்று தண்டித்த கதைதான்! இத்தனைக்கும் அதே 10 சென்டிமீட்டர் ராடார் ஒன்று, ராட்டர்டாம் அருகே வீழ்ந்த பிரிட்டிஷ் விமானத்திலிருந்து, 1943 பிப்ரவரியிலேயே அவர்கள் கைக்குக் கிடைத்திருந்தது.