குறிப்பேட்டின் மேலாடையும் கதீப்மார்களின் கைவண்ணமும்



நம் பள்ளிவாசல் அலுவலகத்துப் பழைய பதிவேடுகளைப் பார்த்திருப்பீர்கள். முதுகிலும் மூலைகளிலும் சிவப்புத் துணி; நடுவே நீலமும் சிவப்பும் வெண்மையும் கலந்து நெளிந்தோடும் வண்ணத் தாள். கடைக்கணக்கும் பேரேடும் எழுதியோர் அனைவரும் அறிந்த அட்டைதான் அது. அந்த நெளிவுக்கு நெடிய வரலாறு உண்டு. மிஹ்ராபிலும் மிம்பரிலும் நம்மைப் போல் பணியாற்றிய இருவர் அவ்வரலாற்றின் முன்வரிசையில் நிற்கின்றனர் என்பதை அறிந்தோர் சிலரே.

நூலுக்கு மேலுறை இடும் கலையை அரபியில் 'தஜ்லீத்' என்பர். தோலைக் குறிக்கும் 'ஜில்த்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. ஸ்பெயின் நாட்டு இஷ்பீலியாவைச் சேர்ந்த பக்ர் அல்இஷ்பீலீ, முவஹ்ஹிதீன் கலீஃபா யஃகூப் அல்மன்ஸூரின் காலத்தில் (1184–1199) இக்கலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1619இல் அஸ்ஸுஃப்யானீ என்பார் மொரோக்கோவில் இன்னொன்று எழுதினார். நூலை ஓரங்களிலிருந்து காக்கும் பொருட்டுப் பின்னட்டையோடு ஒட்டிய மடிப்பு ஒன்று இருக்கும். அதற்கு 'லிஸான்', அதாவது நாக்கு, என்று பெயர். நாக்கை உள்ளே அடக்கி வைத்தால்தான் நூலுக்குப் பாதுகாப்பு. நமக்கும் அப்படித்தான் என்பது வேறு விஷயம்.

பெரிய கிதாபுகளுக்கு மட்டுமே இந்த வேலைப்பாடு என்று எண்ண வேண்டாம். கவிதை, துஆ, மருந்துக் குறிப்பு ஆகியவற்றை எழுதிக்கொள்ளச் சட்டைக்குள் அடங்கும் சிறு குறிப்பேடுகளும் இருந்தன. ஒடுங்கிய வடிவில், குறுகிய பக்கத்தில் தைத்து, நீளவாக்கில் திறக்கும் இவற்றை ஈரானியர் 'ஸஃபீனா' என்றனர். துருக்கியர் 'ஜோன்க்' என்றனர். இரண்டுக்கும் கப்பல் என்றே பொருள். இத்தகைய ஏடுகளுக்கு முழுத்தோல் போடச் செலவு அதிகம். ஆகவே முதுகிலும் விளிம்புகளிலும் மட்டும் தோலை வைத்து, நடுப்பரப்பில் வண்ணத் தாளை ஒட்டும் முறை துருக்கியில் பரவியது. நம் பதிவேட்டுச் சிவப்புத் துணியின் மூதாதை அதுவே எனலாம்.

அந்த வண்ணத் தாளே 'எப்ரு'. மேகத்தைக் குறிக்கும் 'அப்ர்' என்னும் ஃபார்ஸிச் சொல்லிலிருந்து வந்தது என்பர். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈரானிய நிலப்பரப்பில் தோன்றி, துருக்கியில் செழித்தது. தக்காணத்து பீஜப்பூரில் 17ஆம் நூற்றாண்டில் இம்முறையில் உருவ ஓவியங்களே வரையப்பட்டன.

செய்முறை வியப்பானது. 'கதீரா' என்னும் செடிப்பிசினை நீரில் ஊறவைத்து, கூழ் போன்ற நீரைத் தாளின் அளவுள்ள தட்டையான தொட்டியில் ஊற்றுவர். கல்லில் அரைத்த நிறப்பொடியில் மாட்டின் பித்தநீர் சில துளிகள் கலப்பர். பித்தநீர் இல்லையேல் வண்ணம் மூழ்கிவிடும். சேர்ந்தால் மேலே மிதந்து படரும், ஒரு நிறத்தோடு மற்றொன்று கலவாது. குர்பானி நாளில் நாம் வெட்டி எறியும் பித்தப்பைக்கு இத்தனை மதிப்பு! குதிரைவால் மயிரை ரோஜாக் குச்சியில் கட்டிய தூரிகையால் வண்ணத்தைத் தெளிப்பர். பின் தாளை மெல்லக் கிடத்தி எடுத்தால், நீரின்மேல் இருந்த கோலம் முழுவதும் தாளுக்கு வந்துவிடும். அதே கோலம் இரண்டாம் தாளுக்குக் கிடைக்காது.

இக்கலையின் போக்கை மாற்றியவர் இஸ்தான்பூல் ஆயா சோஃபியா பள்ளிவாசலின் கதீப் மெஹ்மத் எஃபெந்தி. துளிக்குள் துளியாக வண்ணங்களை இட்டு, ஊசி முனையால் இழுத்து, இதயமும் நட்சத்திரமும் போன்ற வடிவங்களைக் கொண்டுவந்தார். அவ்வகை இன்றும் 'கதீப் எப்ரு' என்றே வழங்கப்படுகிறது. ஜும்ஆவில் குத்பா ஓதிய கை, வாரநாட்களில் பிசின் நீரில் நனைந்திருக்கிறது. 1773இல் அவர் வீடு தீப்பற்றியது. தம் வேலைப்பாடுகளை மீட்கப் போய் அத்தீயிலேயே வஃபாத்தானார் என்பர்.

மற்றவர் நஜ்முத்தீன் ஓக்யாய் (1883–1976). உஸ்குதார் யெனி வாலிதே பள்ளிவாசலில் தந்தைக்குப் பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இமாமாக இருந்தவர். எழுத்தணி வல்லுநர், நூல் கட்டுபவர், ரோஜா வளர்ப்பவர், வில்லாளியும்கூட. 'ஓக்யாய்' என்றால் அம்பும் வில்லும்! உஸ்பெக்கியர் தக்கியாவின் ஷெய்கு எத்ஹெம் எஃபெந்தியிடம் (1829–1904) எப்ருவைக் கற்று, நீரின்மேல் துலிப், கார்னேஷன் மலர்களை வரைந்து காட்டினார்.

ஆனால் 1928இல் துருக்கியில் அரபு எழுத்து கைவிடப்பட்டது. கையெழுத்துப் பிரதி எழுதுவோர் இல்லை. எனவே அதற்கு அட்டை கட்டுவோருக்கும் வேலை இல்லை. பட்டறைகள் மங்கிய அக்காலத்தில், நுண்கலைக் கல்லூரியில் சில மாணவர்களுக்கு அவர் எப்ருவும் நூல் கட்டும் கலையும் கற்பித்து வந்தார். அவர்களுள் உறவினரான முஸ்தஃபா தூஸ்குன்மான் (1920–1990) உஸ்குதாரில் நாட்டு மருந்துக் கடை நடத்திக்கொண்டே இக்கலையைக் காத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார். 2014இல் யுனெஸ்கோ எப்ருவை அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இடையில் அந்தச் சங்கிலியில் எத்தனை கண்ணிகள் மிஞ்சியிருந்தன என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது.

1600ஐ ஒட்டி இத்தாள் ஐரோப்பாவை எட்டி, 'துருக்கித் தாள்' என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் அங்கே அதைப் பார்த்து அச்சில் அடித்தனர். நம் பதிவேட்டு அட்டை அத்தகைய அச்சுத் தாளே. இரண்டு பதிவேடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் நெளிவுகள் ஒன்றுபோல் இருப்பது தெரியும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு நம் தவறு ஒன்றும் காரணம். பள்ளி நூலகத்துப் பழைய கிதாபுகளை பைண்டிங்குக்கு அனுப்பியது நாமே. திரும்பி வந்தபோது எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை ரெக்ஸின். பழைய தோலட்டைகள் எங்கே என்று கேட்டோம். அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டன என்றார் பைண்டர். வைத்துத் தாருங்கள் என்று நாம் சொல்லவில்லையே, அவரை எப்படிக் குறை சொல்வது? கட்டில் சேராமல் அலமாரியிலேயே தங்கிவிட்ட ஒரு சிறு குறிப்பேடு மட்டும் தப்பியது. யாரோ ஓர் ஆலிம் அரபுத் தமிழில் மருந்துக் குறிப்பு எழுதிய ஏடு. தோல் முதுகு இற்றுவிட்டது. நாக்கு மடிப்பு இன்னும் முறியவில்லை. ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் கேட்டால் எடுத்துக் காட்டுவோம். தங்கள் வீட்டுப் பரணில் இவ்வாறு ஏதேனும் இருப்பின், அட்டையைக் கழற்றாமல் கொண்டுவருமாறு வேண்டுகிறோம்.