ஜாயின்: சொற்கள் சரமான கதை

உதிரிப் பூக்களைத் தொடுத்தால் பூச்சரம். நிரலாக்கத்திலும் அப்படித்தான். அரே எனப்படும் அணியில் தனித்தனியாகக் கிடக்கும் சொற்களைத் தொடுத்தால் கிடைப்பது ஸ்ட்ரிங் எனப்படும் சரம். கேட்க எளிதான இந்த வேலைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

1970களில் உருவான சி மொழியில் சரத்தின் நீளம் எங்கும் குறித்து வைக்கப்படுவதில்லை. கடைசியில் ஒரு சுழியம் இருக்கும், அவ்வளவுதான். 'ஸ்ட்ர்கேட்' என்ற ஒட்டும் கட்டளை, ஒவ்வொரு முறையும் முதல் எழுத்திலிருந்து நடந்து அந்தச் சுழியத்தைத் தேடும். பத்து எழுத்துள்ள 1000 சொற்களை இப்படி ஒட்டினால், 10,000 எழுத்துச் சரத்துக்காகக் கிட்டத்தட்ட 50 லட்சம் எழுத்துகளைக் கடக்க வேண்டும்! 2001-ல் ஜோயல் ஸ்பால்ஸ்கி இதை ஒரு பெயின்டருடன் ஒப்பிட்டார். சாலையில் கோடு போடும் அவர், பெயின்ட் டப்பாவைத் தொடங்கிய இடத்திலேயே வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அதுவரை நடந்து திரும்புவார்.

1987-ல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியில் இதற்கு 'ஜாயின்' என்ற ஒரே சொல் போதுமானதாக இருந்தது. இடையில் வரவேண்டிய குறியையும் பட்டியலையும் கொடுத்தால் சரம் தயார்.

அடுத்து ஒரு கேள்வி எழுந்தது. ஜாயின் யாருக்குச் சொந்தம்? பட்டியலுக்கா, சரத்துக்கா? 1996-ல் ஜாவாஸ்கிரிப்ட் அதை அணியிடம் கொடுத்தது. 2000-ல் வந்த பைத்தான் 2.0 சரத்திடம் கொடுத்தது. எந்த வகைப் பட்டியலையும் ஒரே ஜாயின் தொடுக்கலாம் என்பது அதன் நியாயம். புதிதாகப் படிப்பவர்களுக்கோ இன்றும் குழப்பம்!

பி.எச்.பி.யில் இதற்குப் பெயர் 'இம்ப்ளோடு'. குறி முதலில் வந்தாலும் பட்டியல் முதலில் வந்தாலும் அது ஏற்றுக்கொண்டது. அந்தத் தாராளம் நிலைக்கவில்லை. 2019-ல் வந்த 7.4 பதிப்பு, பட்டியலை முதலில் எழுதினால் எச்சரித்தது. 2020-ல் வந்த 8.0 பதிப்பு மறுத்தே விட்டது. பல வருடம் ஓடிய வரிகள் பிழையாகிப் போயின.

ஜாவாவுக்கு 'ஜாயின்' கிடைத்தது 2014-ல், எட்டாம் பதிப்பில். அதுவரை லூப் எழுதி, கடைசியில் மிஞ்சும் காற்புள்ளியை வெட்டுவது பலருக்கும் வழக்கமான வேலை.

தினமும் தேவைப்படும் சின்ன வேலையை மொழியே செய்து தராவிட்டால், ஒவ்வொருவரும் அதைத் தனித்தனியாக எழுத வேண்டும், தனித்தனியாகத் தவறும் செய்ய வேண்டும். ஜாயினின் வரலாறு சொல்லும் பாடம் இதுதான்.