பின்வரிசையில் ஒரு பங்குதாரர்

அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் முழுக்க இன்று இணையத்தில் கிடைக்கின்றன. எங்க ஊர்க்காரங்க அங்கே என்ன பேசினாங்க என்று பார்க்கலாமே என ஒரு வாரக்கடைசியில் பெயர் பெயராகத் தேட ஆரம்பித்தேன். கோவைக்கு அந்த சபையில் பெரிய தலைகள் உண்டு. ஆர்.கே. சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். 1947 நவம்பர் 26-ல் முதல் பட்ஜெட்டை வாசித்தவர். தி.சு. அவினாசிலிங்கம் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராகவும் இருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்து செங்குட்டைப்பாளையத்தின் சி. சுப்பிரமணியத்தைப் பசுமைப் புரட்சியோடு சேர்த்து எல்லோருக்கும் தெரியும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது இவர்கள் இல்லை. டி.ஏ. ராமலிங்கம் செட்டியார். 1881-ல் பிறந்தவர், வக்கீல், நகராட்சி வழியாகவும் சென்னை சட்டமேலவை வழியாகவும் வந்தவர். கோவையில் அவர் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. அந்தப் பெயரைத் தினமும் பஸ் ஜன்னலில் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் டெல்லியில் பேசியது தெரியும் என்பது வேறு விஷயம்.

அந்த சபை 165 நாட்கள் கூடியது. வரைவு அரசியல் சட்டத்துக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் 2,473 சபையில் முன்மொழியப்பட்டன. 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் தன் கடைசிப் பேருரையில், கட்சிக் கட்டுப்பாட்டுக்குள் அடங்காமல் கேள்வி கேட்டவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்: காமத், தேஷ்முக், சித்வா, சக்சேனா, தாகூர் தாஸ் பார்கவா, கே.டி. ஷா, குன்ஸ்ரு. அந்தப் பட்டியலில் செட்டியார் இல்லை. நியாயம்தான். அவர் தினமும் எழுந்து பேசுகிற ஆள் கிடையாது. ஆனால் குடிசைத் தொழிலுக்கு எழுந்திருக்கிறார், மொழிக்கு எழுந்திருக்கிறார், தெற்கின் மனநிலையைச் சொல்லவும் எழுந்திருக்கிறார். மேலோட்டமாகப் படித்தால் சம்பந்தமில்லாத தலைப்புகள். கூட்டுறவு என்ற ஒரு சாவி கையில் இருந்தால் எல்லாம் ஒரே பூட்டு என்று எனக்குப் படுகிறது.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும்.

கொங்கு மண்டலம் பெரும்பாலும் மானாவாரி பூமி. மழை இல்லாவிட்டால் கிணறு, கிணறு வெட்டக் கடன். தண்ணி வந்தால் பருத்தி, வராவிட்டால் வட்டி. இந்த மாவட்டத்துக்கு 1887-ல் ஒரு தடித்த கையேட்டைத் தொகுத்த எஃப்.ஏ. நிக்கல்சன் என்கிற வெள்ளைக்கார அதிகாரிதான், 1895-லும் 1897-லும் சென்னை மாகாணத்துக்கான விவசாயக் கடன் வங்கிகள் பற்றிய அறிக்கையை எழுதினார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களை இங்கே கொண்டுவரலாம் என்றது அந்த அறிக்கை. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கோவையில் வேலை செய்த தலைமுறையின் முக்கியமான மனிதர் ராமலிங்கம் செட்டியார். சென்னை மாகாணத்தின் கூட்டுறவு வரலாற்றை எழுதுகிற யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

சொசைட்டி என்றதும் நமக்கு ரேஷன் க்யூவும் பூட்டிய கவுண்டரும் ஞாபகம் வரலாம். அதன் அமைப்பை மட்டும் பாருங்கள். கிராமத்தில் ஒருவர் பங்கு வாங்கி உறுப்பினர் ஆகிறார். பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒரே ஓட்டுதான். கிராமச் சங்கங்கள் சேர்ந்து மாவட்ட மத்திய வங்கியில் பங்கு வைக்கின்றன. மாவட்ட வங்கிகள் சேர்ந்து மாகாண வங்கியில் பங்கு வைக்கின்றன. பணம் மேலிருந்து கீழே வரும், உரிமை கீழிருந்து மேலே போகும். சென்னையில் இருக்கும் தலைமை வங்கி காங்கேயத்துக்காரருக்கு எஜமான் இல்லை, சுற்றி வளைத்துப் பார்த்தால் அது அவருடைய சொத்து. மேலே இருப்பது கீழே இருப்பவர்களுக்குச் சொந்தம் என்ற இந்த ஏற்பாட்டுக்குள் வாழ்நாளில் பாதியைக் கழித்த ஒருவர், ஒரு கூட்டாட்சிக்குச் சட்டம் எழுதும் இடத்துக்குப் போனால் என்ன பேசுவார்?

1948 நவம்பர் 23. அன்றைய விவாதம் என்றால் பொது சிவில் சட்டத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே நாளில் வரைவின் 34-வது பிரிவும் வந்தது. தொழிலாளர்களுக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி வேண்டும் என்கிற பிரிவு அது. கிராமப்புறங்களில் கூட்டுறவு வழியில் குடிசைத் தொழிலை வளர்க்க அரசு முயல வேண்டும் என்ற வரியை அதன் கடைசியில் சேர்க்கச் சொன்னார் செட்டியார். அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். தனியாகச் செய்பவர்களையும் விட்டுவிடாமல், தனிநபர் அடிப்படையிலோ கூட்டுறவு அடிப்படையிலோ என்ற வடிவத்தில் அது இன்று 43-வது பிரிவில் இருக்கிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எந்த வரியை யார் எழுதினார் என்று பார்க்க எங்களிடம் ‘கிட் பிளேம்’ என்று ஒரு கட்டளை உண்டு. அரசியல் சட்டத்துக்கு அப்படி ஒன்று இருந்தால் 43-வது பிரிவின் அந்த வரிக்கு நேராக ஒரு கோயம்புத்தூர்க்காரர் பெயர் வரும்.

அந்த வரியின் பின்னால் சென்னிமலையும் பவானியும் இருக்கின்றன. தறிக்காரருக்கு நூல் கொடுப்பவரும் நெய்த துணியை வாங்குபவரும் ஒரே முதலாளி என்றால், நூலுக்கு என்ன விலை, துணிக்கு என்ன விலை என்பதை ஒருவரே முடிவு செய்கிறார். நெசவாளர் சங்கம் அந்த இரண்டு முனைகளையும் நெசவாளர் கைக்கே கொண்டுவரப் பார்த்தது. மில்களால் பணக்கார ஊரான கோவையிலிருந்து போனவர் மில்லைப் பேசாமல் தறியைப் பேசினார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது போய் உட்கார்ந்த இடத்தையும் சொல்லணும். அரசைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாத வழிகாட்டு நெறிகளின் பகுதி அது. அந்தப் பகுதியையே, வங்கிக்கு எப்போது சௌகரியமோ அப்போது பணம் தரும் காசோலை என்று கிண்டல் செய்திருந்தார் கே.டி. ஷா. வங்கி நடத்திய செட்டியாருக்கு அந்தக் கிண்டல் மற்றவர்களைவிட நன்றாகவே புரிந்திருக்கும்.

அடுத்து மொழி. 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை. முன்ஷியும் கோபாலசாமி ஐயங்காரும் தயாரித்த சமரச வரைவு சபை முன்னால் இருந்தது. தேவநாகரி எழுத்தில் இந்தி ஆட்சிமொழி, 15 வருடத்துக்கு ஆங்கிலமும் தொடரும். எண்களை எந்த வடிவில் எழுதுவது என்பதற்கே அவ்வளவு சண்டை. திருச்செங்கோட்டுப் பக்கத்து ப. சுப்பராயன் ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி வைத்துக்கொள்ளலாம் என்றார். முந்தைய வருடமே டி.டி. கிருஷ்ணமாச்சாரி இந்தி ஏகாதிபத்தியம் என்று வெடித்திருந்தார்.

செட்டியார் வெடிக்கவில்லை. கணக்குச் சொன்னார். எங்கள் மொழிகள் இந்தியைவிட வளர்ந்தவை, இலக்கியம் கூடுதல். இந்தியை நாங்கள் ஏற்கிறோம் என்றால் அதன் சிறப்புக்காக இல்லை, அதைப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் என்பதற்காக. தேசிய மொழி என்று மட்டும் சொல்லாதீர்கள், எங்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு தேசியமோ அவ்வளவுதான் இந்தியும். எங்கள் மொழிகளும் தேசிய மொழிகள்தான். உங்களுக்கு இது ஒரு பிரச்சினை, எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அவர் வாதத்தின் சாரம் இது.

பிறகு மொழியைத் தாண்டி ஒன்று சொன்னார். தெற்கில் ஒரு விரக்தி இருக்கிறது. சுதந்திரம் வந்துவிட்டது என்ற உணர்வே அங்கே பெரிதாக இல்லை. நாட்டின் வடகோடியில் இருக்கும் தலைநகருக்கு வந்து அந்நியர்களைப் போல நிற்கும்போது, இந்த நாடு முழுவதும் நம்முடையது என்று தோன்றுவதில்லை. இதைச் சரிசெய்யாவிட்டால் ஒரு கசப்பு மிஞ்சும், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று இப்போது சொல்வது சுலபமில்லை என்றார்.

இதைப் பிரிவினைப் பேச்சாகப் படிக்கிறவர்கள் உண்டு, தீர்க்கதரிசனமாகப் படிக்கிறவர்களும் உண்டு. எனக்கு இது ஒரு பங்குதாரரின் புகாராகவே கேட்கிறது. பங்கு போட்டிருக்கிறேன், என் வங்கிக்கே வந்திருக்கிறேன், கவுண்டரில் பேசுகிற பாஷை எனக்குப் புரியவில்லை, யாரும் என்னை உறுப்பினராகப் பார்க்கவும் இல்லை. தமிழில் பங்கு என்ற சொல்லுக்குப் பணம் போடுவது, கலந்துகொள்வது என்று இரண்டு பொருளும் இருக்கிறது. அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். ஆனால் முதல் பங்கை வாங்கிக்கொண்டு இரண்டாவதை மறுக்கிறார்களே என்பதுதான் விஷயம்.

சபை முடித்த சட்டத்தின் 343-வது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்று மட்டுமே சொல்கிறது, தேசிய மொழி என்று சொல்லவில்லை. அதற்கு அவர் ஒருவரே காரணம் என்றால் அது ஊர்ப்பாசம். தெற்கிலிருந்து போன பலரின் பிடிவாதம் அது.

15 வருடக் கெடு 1965 ஜனவரி 26-ல் முடிந்தது. சொல்வது சுலபமில்லை என்று அவர் விட்ட இடம் கொங்குப் பகுதிக்கே வந்து சேர்ந்தது. திருப்பூரில் போலீஸ்காரர்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிப்ரவரி 12-ல் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் சாஸ்திரி அமைச்சரவையிலிருந்து ராஜினாமா கொடுத்திருந்தார் அதே பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம், ஓ.வி. அளகேசனோடு சேர்ந்து. செட்டியாரோடு அதே சபையில் உட்கார்ந்திருந்தவர். ராஜினாமா ஏற்கப்படவில்லை. இந்தி பேசாத மாநிலங்களுக்கான உத்தரவாதம் 1967-ல்தான் சட்டமானது.

கூட்டுறவுக் கதையும் முடியவில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. 2011-ல் 97-வது திருத்தம் 43-ஆ பிரிவைச் சேர்த்ததோடு, சங்கங்களை எப்படி நடத்துவது என்று ஒரு தனிப் பகுதியையே அரசியல் சட்டத்துக்குள் நுழைத்தது. மாநிலங்களின் ஒப்புதல் வாங்கவில்லை என்பதால், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்று 2021 ஜூலை 20-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் டெல்லியில் கூட்டுறவுக்கென்று தனி அமைச்சகம் உருவாகியிருந்தது. கீழிருந்து மேலே போக வேண்டிய உரிமை எந்தத் திசையில் போகிறது என்று நீங்களே பாருங்கள்.

செட்டியாரைத் தூக்கிப் பிடிப்பதில் எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. அந்த நாள் கடன் சங்கங்கள் நிலம் இருப்பவனுக்குத்தான் சுலபம். ஈடு வைக்க ஒன்றுமில்லாத பண்ணையாளுக்குச் சங்கத்தின் கதவும் தூரம்தான், அங்கே அவனும் அந்நியன். அந்த சபையே மாகாண சட்டசபைகள் தேர்ந்தெடுத்தது, அந்தச் சட்டசபைகளுக்கு ஓட்டுப் போடும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. எல்லோருக்கும் ஓட்டு வந்த முதல் பொதுத்தேர்தலில் கோவை மக்களவைத் தொகுதியில் செட்டியாரை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. நாடு முழுக்க அப்படிப் போட்டியின்றி வென்றவர்கள் ஐந்தே பேர். உறுப்பினருக்கு ஒரு ஓட்டு என்ற ஏற்பாட்டுக்குள் வாழ்ந்தவர் ஒரு ஓட்டுக்கூட விழாமல் மக்களவைக்குத் தேர்வானார். 1952-லேயே இறந்தும் போனார்.

1957-ல் அந்தத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணனை அனுப்பியது. மொழி விவாதத்தில் ரோமன் எழுத்து கேட்ட சுப்பராயனின் மகள். இந்த முறை எதிர்த்து ஆள் நின்றார்கள், மில் தொழிலாளர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.