முந்திரி தெரியாத பைத்தான்

ஒதியம்பட்டில் தாத்தா வைத்திருந்த பழைய நிலக்கணக்கில் முந்திரிக் குறி உண்டு, அதாவது 1/320. அதைத் தட்டச்சு செய்து பைத்தான் 3.7இடம் பெயர் கேட்டேன். அப்படியொரு பெயரே இல்லைன்னுடுச்சு. நண்பனின் கணினியில் 3.8, டக்கென்று சொல்லிவிட்டது.

1991இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் முந்திரி, காணி, மா உள்ளிட்ட 51 பழங்குறிகள் 2019 மார்ச்சில், 12.0இல்தான் சேர்ந்தன. 2018இல் வெளியான 3.7க்குள் இருப்பது 11.0இன் பட்டியல், 3.8க்குள் 12.1.

நிரலில் தப்பில்லை, எழுத்திலும் தப்பில்லை. எந்தப் பதிப்பு என்று நான் எங்கேயும் குறித்து வைக்காததுதான் தப்பு. இப்போது என் அமைப்புக் கோப்பின் முதல் வரியே பதிப்பெண்தான். தேதி போடாமல் யாராவது பத்திரம் எழுதுவோமா?