மருந்துக்கு வெட்டிய வாய்க்கால்

அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்து இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பேக்லோஃபென், சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் சீபா நிறுவனம் 1962-இல் வலிப்பு நோய்க்கென்று உருவாக்கி, அந்த நோக்கத்தில் தோற்றுப்போன மருந்து. தீராத வலிக்கும் விறைத்து முறுக்கும் தசைக்கும் தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்தும் சிகிச்சை பெரும்பாலும் இந்தப் பழைய சரக்குகளை நம்பியே வளர்ந்தது. அதனால் இதன் வரலாற்றை மருந்தின் வரலாறாக எழுதுவது பொருந்தாது என்பது என் கருத்து. மாறியது மருந்து போகும் பாதை. அந்தப் பாதையும் வேறு வேலைகளுக்காகச் செய்த கருவிகளை இரவல் வாங்கிப் போட்டது.

1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்திக் கொக்கெயின் ஏற்றும் முறையைத் தன் மீதே சோதிக்க முனைந்தார். சிரிஞ்சு ஊசியில் சரியாகப் பொருந்தவில்லை; மருந்து சிந்தியது, தண்டுவட நீரும் ஒழுகியது. உடனே உதவியாளர் ஹில்டபிராண்ட் முதுகைக் காட்டினார். அவர் கால் மரத்துப்போனது. முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்தார்கள், எரியும் சுருட்டை வைத்துப் பார்த்தார்கள்; வலியில்லை. முக்கால் மணி நேரத்தில் உணர்வு திரும்பிவிட்டது. இரவு ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடிய பிறகு பியர் ஒன்பது நாள் தலைவலியோடு படுத்தார் என்பது தனிக்கதை. நாம் கவனிக்க வேண்டியது அந்த முக்கால் மணி நேரம்தான். மருந்து தீர்ந்தால் மறுபடி குத்த வேண்டும். 1940-இல் பிலடெல்பியாவின் வில்லியம் லெமன் வளையும் ஊசியொன்றை அறுவை முடியும்வரை முதுகிலேயே விட்டுவைத்தார். அது அழுந்தாமலிருக்க நோயாளி படுக்கும் மெத்தையிலேயே இடைவெளி விட வேண்டியிருந்தது! 1944-இல் மருத்துவர் எட்வர்ட் டுவோஹி, சிறுநீரக மருத்துவர்கள் சிறுநீர்க்குழாயில் செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டரை ஊசித் துளை வழியே உள்ளே விட்டு, ஊசியை உருவிக்கொண்டார். குழாய் நேரே போய் இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி ஏறுவதற்கு, சியாட்டில் பல் மருத்துவர் ரால்ஃப் ஹியூபர் வடிவமைத்த வளைந்த முனை உதவியது. 1947-இல் ஹவானாவில் மார்ட்டினெஸ் கர்பெலோ அதே ஊசியைக் கொண்டு தண்டுவட உறைக்கு வெளியிலும் கதீட்டரை நிறுத்தினார்.

குழாய்தான் முக்கியம் என்றால் அடுத்த முப்பது ஆண்டுகள் ஏன் சும்மா கழிந்தன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1973-இல் மார்ஃபின் பற்றிக்கொள்ளும் ஓபியாய்டு ஏற்பிகள் கண்டறியப்பட்டன. 1976-இல் ஆய்வாளர்கள் யாக்‌ஷும் ரூடியும், மார்ஃபின் எலியின் தண்டுவடத்திலேயே வலியை அடக்குகிறது என்று காட்டினார்கள். அந்த அறிவு இல்லாமல் மார்ஃபினை அங்கே கொண்டுபோகும் துணிவு வந்திருக்காது. அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ருமேனியாவின் ரகோவிசானு-பிடேஷ்டி காரணம் ஏதும் தெரியாமலே 1901-இலேயே தண்டுவடத்தில் மார்ஃபின் செலுத்தியதை அறிவித்திருந்தார், அது வேரூன்றவில்லை. 1979-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்டுப் புற்றுநோயாளிகளுக்குத் தண்டுவட நீரில் செலுத்திய ஒரு மில்லிகிராமும் அதற்குக் குறைவுமான மார்ஃபின் பல மணி நேரம் வலியைத் தணித்தது. வாய்வழி 300 மில்லிகிராமுக்கு இங்கே ஒரு மில்லிகிராம் என்பது மருத்துவர்கள் போடும் தோராயக் கணக்கு. ஆனால் புற்றுநோய் வலி மறுநாளும் வரும். 1981-இல் அதே யாக்‌ஷ் மருத்துவர் ஒனோஃப்ரியோவுடன் சேர்ந்து, தொடர்ந்து ஊட்டும் பம்ப்பை உடலுக்குள் பொருத்திய முறையை வெளியிட்டார். அந்த வகைப் பம்ப்பும் இரவல்தான்: மினசோட்டாவில் இரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் ஊட்டுவதற்குச் செய்தது. உடல் சூட்டில் ஆவியாகும் ஒரு திரவம் மருந்து அறையை அழுத்தித் தள்ளும். தோல் வழியே ஊசி போட்டு மருந்தை நிரப்பும்போது, அந்த அழுத்தமே ஆவியை மறுபடி திரவமாக்கிவிடும். பேட்டரியே வேண்டாம்.

பேக்லோஃபெனின் கதை என் வாதத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறது, ஏனென்றால் அங்கே அறிவுக் குறை ஏதுமில்லை. தசை இறுக்கத்தைத் தளர்த்த அது தண்டுவடத்தில் வேலை செய்வது தெரியும். மாத்திரையும் புழக்கத்தில் இருந்தது. ஆனால் இரத்தத்திலிருந்து தண்டுவடத்துக்கு மிகக் கொஞ்சமே கசியும். அளவைக் கூட்டினால் கால் தளர்வதற்கு முன்பே நோயாளி தூக்கத்தில் ஆழ்ந்துவிடுவார். போர்வை உரசினாலே கால் வெட்டி இழுக்கிறவருக்கு, தொடைகள் இறுகி ஒட்டிக்கொண்டதால் குளிப்பாட்டவே முடியாதவருக்கு அது போதவில்லை. 1984-இல் சிகாகோவின் ரிச்சர்ட் பென்னும் ஜெஃப்ரி க்ரோயினும் அதைத் தண்டுவட நீரில் செலுத்தி இறுக்கத்தைத் தளர்த்தினார்கள். மில்லிகிராமில் எண்ணிய மருந்து மைக்ரோகிராமுக்கு இறங்கியது. 1992-இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது.

குழாயை இப்படித் தூக்கிப் பிடிக்கிறாயே, இந்தச் சிகிச்சையில் அடிக்கடி கெட்டுப்போவதே அதுதானே என்பார்கள். உண்மைதான். கதீட்டர் மடங்கும், விலகும், உடையும். மார்ஃபின் சொட்டும் முனையில் சில சமயம் திசுக்கட்டி வளர்ந்து தண்டுவடத்தையே அழுத்தும். பேக்லோஃபென் திடீரென்று நின்றால் அரிப்பு, கடுங்காய்ச்சல், முன்னைவிட மோசமான இறுக்கம் எனத் தொடங்கி உயிரே போகலாம். குழாய் கெட்டால், மருந்து பம்ப்பில் நிறைந்திருக்கும்போதே இது நேரலாம். இதைவிட வெளிப்படையாகப் பாதையின் முக்கியத்துவத்தை எது காட்டும்? புதிய மருந்துக்கும் இந்தப் பாதையே வேண்டும்: 2004-இல் அனுமதி பெற்ற வலிநிவாரணி ஜிகோனோடைடு, கடல் கூம்பு நத்தையின் நஞ்சில் கண்ட ஒரு பொருளின் செயற்கை நகல். அதை வாய்வழி கொடுக்க முடியாது. இரத்தத்தில் ஏற்றினால் இரத்த அழுத்தம் சரியும். அதைத் தண்டுவட நீரில் மட்டுமே செலுத்த அனுமதி உண்டு.