படைப்பணி ஆவணங்கள்: ஓய்வுக்குப் பின் பெறும் முறை (தென்காசி – குற்றாலம் வட்டாரம்)

படைப்பணி ஆவணங்கள் என்பவை தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணியாற்றிய ஒருவரைப் பற்றி, சேர்ந்த நாள் முதல் விடுவிக்கப்பட்ட நாள் வரை படை எழுதிவைத்த பதிவுகள். ஓய்வூதியத் திருத்தம், குடும்ப ஓய்வூதியம், ஊனமுற்றோர் ஓய்வூதியம், பதக்கம், பிள்ளைகளின் கல்விச் சலுகை என எதற்கு விண்ணப்பித்தாலும் இவை தேவைப்படும். தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் படைவீரர்களின் பணி ஆவணம் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ சென்னையிலோ இருப்பதில்லை. அவர் எந்த ரெஜிமெண்டில் அல்லது எந்தக் கோரில் பணியாற்றினாரோ, அதன் ரெக்கார்டு ஆபீஸில் இருக்கும்.

ஆவணங்களின் வகைகள்

வீட்டில் இருக்கவேண்டியது டிஸ்சார்ஜ் புக். விடுவிப்பின்போது வீரர் கையில் தரப்படும் இப்புத்தகத்தில் ரெஜிமெண்ட் நம்பர், பதவி, சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், காரணம், நடத்தை மதிப்பீடு, பதக்கங்கள் ஆகியவை இருக்கும். ஓய்வூதியம் பெறுபவரிடம் இதனுடன் பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணையும் இருக்கும்.

ரெக்கார்டு ஆபீஸில் இருப்பவற்றில் முதன்மையானது ஷீட் ரோல். சேர்க்கையின்போது தந்த பிறந்த தேதி, ஊர், அடையாள மச்சம், கல்வித் தகுதி, பதவி உயர்வுகள், தண்டனைகள் எல்லாம் இதில் வரிசையாக ஏறும். பட்டாளத்தில் ‘ரெட் இங்க் என்ட்ரி’ என்று சொல்லப்படும் சிவப்பு மைத் தண்டனைப் பதிவும் இதில்தான் விழும். திருமணம், குழந்தை பிறப்பு, முகவரி மாற்றம், வாரிசு நியமனம் போன்றவை பார்ட் டூ ஆர்டர் என்ற ஆணையாக யூனிட்டில் வெளியிடப்பட்டு, ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பப்படும். மனைவியின் பெயர் ஆவணத்தில் இல்லை என்று பதில் வந்தால், திருமணத்துக்கான பார்ட் டூ ஆர்டர் வெளியாகவில்லை, அல்லது வெளியானது வந்துசேரவில்லை என்று பொருள். இவை தவிர, சேர்க்கையின்போது நடந்த உடல் தகுதிச் சோதனை முதல் விடுவிப்புக்கு முந்தைய மெடிக்கல் போர்டு வரையிலான மருத்துவ ஆவணங்கள் தனிக் கட்டாக இருக்கும்.

ஆவணம் இருக்கும் இடம்

தரைப்படையில் ஜவான்கள், ஜேசிஓக்கள் எனப்படும் இளநிலை ஆணைபெற்ற அதிகாரிகள் ஆகியோரின் ஆவணங்கள் அந்தந்தப் படைப்பிரிவின் மையத்தோடு இணைந்த ரெக்கார்டு ஆபீஸில் உள்ளன. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி மாவட்டத்து வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூர், இஎம்இ எனப்படும் மின்-இயந்திரப் பொறியியல் கோர், ஆர்டினன்ஸ் கோர் இரண்டுக்கும் செகந்திராபாத், மருத்துவக் கோருக்கு லக்னோ. ஓய்வுக்குப் பின் டிஎஸ்சி எனப்படும் பாதுகாப்புக் கோரில் மறுபடி சேர்ந்தவர்களுக்கு அந்த இரண்டாவது பணியின் பதிவு கண்ணூரில் இருக்கும். இப்படி இரண்டு பணி செய்தவர்கள் இரண்டு அலுவலகங்களுக்கும் தனித்தனியே எழுதவேண்டும்.

தரைப்படை அதிகாரிகளின் பதிவுகள் புதுடெல்லித் தலைமையகத்தின் அட்ஜுடண்ட் ஜெனரல் கிளையில் உள்ளன. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டு சீத்தா கேம்பில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ். வான்படை வீரர்களுக்குப் புதுடெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள வான்படை ரெக்கார்டு ஆபீஸ்.

ஓய்வூதியக் கணக்கு வேறு அலுவலகங்களின் வேலை. தரைப்படைக்குப் பிரயாக்ராஜிலும், கடற்படைக்கு மும்பையிலும், வான்படைக்கு டெல்லியிலும் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகங்கள் பிபிஓ வெளியிடுகின்றன. 2021இல் தொடங்கிய ஸ்பர்ஷ் இணையத்தளம் இப்பணியை ஒருங்கிணைக்கிறது. ஸ்பர்ஷில் தெரியும் பெயரும் தேதியும் ரெக்கார்டு ஆபீஸ் கொடுத்த தகவலின் அடிப்படையில் ஏறியவை. அதனால் மூலத்தில் பிழை இருந்தால் ஸ்பர்ஷில் மட்டும் முறையிட்டுப் பயனில்லை. ரெக்கார்டு ஆபீஸ் திருத்தி, அதன்பேரில் திருத்த பிபிஓ வரவேண்டும்.

சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் இருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அவர்கள் தங்கள் படையின் குரூப் சென்டருக்கோ தலைமையகத்துக்கோ எழுதவேண்டும்.

தென்காசி வட்டாரத்தின் சிக்கல்: மாறிய மாவட்டங்கள்

ரெக்கார்டு ஆபீஸில் ஒருவரின் ஊர், சேர்ந்த காலத்து நிர்வாகப் பெயரில்தான் பதிவாகியிருக்கும். தென்காசிப் பகுதியில் அந்தப் பெயர் பலமுறை மாறியது. 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபின் எஞ்சிய பகுதி நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் ஆனது. 1997இல் மாவட்டங்களுக்குச் சூட்டிய தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு மீண்டும் திருநெல்வேலி மாவட்டம் ஆனது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. ஆகவே குற்றாலத்தில் ஒரே தெருவில் வசிக்கும் மூவரில், 1975இல் சேர்ந்தவர் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர், 1990இல் சேர்ந்தவர் நெல்லை கட்டபொம்மன் மாவட்டத்துக்காரர், 2020இல் சேர்ந்தவர் தென்காசி மாவட்டத்துக்காரர் என்று பதிவாகியிருக்க முடியும்.

செங்கோட்டையின் கதை இன்னும் பழையது. அத்தாலுகா 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலச் சீரமைப்பின்போதுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியின் கொல்லம் மாவட்டத்தில் இருந்தது. அக்காலத்தில் சேர்ந்தவர்களின் குடும்பம் இன்று ஆவணம் தேடினால், பழைய முகவரியையும் குறிப்பிட வேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தானப் படையில் இருந்தவர்களின் பிரிவுகள் பின்னர் மெட்ராஸ் ரெஜிமெண்டோடு இணைக்கப்பட்டன. அந்த ரெஜிமெண்டின் 9ஆவது பட்டாலியன் 1704இல் திரட்டப்பட்ட நாயர் படையின் வழிவந்தது. எனவே அத்தேடலும் வெலிங்டனில்தான் தொடங்கும்.

அடுத்த சிக்கல் பெயர். படை ஆவணம் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயரை எதிர்பார்க்கிறது. இங்கோ பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து. சேர்க்கை எழுத்தர் அந்தத் தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைக் கடைசியில் சேர்த்திருப்பார். ஆதாரில் அது தலைப்பெழுத்தாகவே நிற்கும். மனைவியின் பெயர் பார்ட் டூ ஆர்டரில் ‘லக்ஷ்மி’ என்றும், ரேஷன் அட்டையில் ‘லெட்சுமி’ என்றும், ஆதாரில் ‘முத்துலெட்சுமி’ என்றும் இருப்பது இவ்வட்டாரத்தில் சர்வசாதாரணம். கணவர் உயிரோடு இருக்கும்போதே இதைத் திருத்திவிட்டால் ஒரு விண்ணப்பத்தோடு முடியும். அவர் காலமான பிறகு என்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் என்று அலைச்சல் கூடும். அதுவரை குடும்ப ஓய்வூதியம் நிற்கும்.

விண்ணப்பிக்கும் முறை

முதல் படி, ரெக்கார்டு ஆபீஸின் தலைமை அதிகாரிக்கு நேரடியாக எழுதுவது. ரெஜிமெண்ட் நம்பர், பதவி, முழுப்பெயர், கடைசியாகப் பணியாற்றிய யூனிட், சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், பிபிஓ எண், சேர்ந்தபோது தந்த முகவரி, இப்போதைய முகவரி, கைபேசி எண் ஆகியவை விண்ணப்பத்தில் இருக்கவேண்டும். இவற்றில் இன்றியமையாதது ரெஜிமெண்ட் நம்பர். ஆவணக் கட்டுகள் அந்த எண்ணை வைத்தே தேடப்படுகின்றன. டிஸ்சார்ஜ் புக், ஆதார், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்துப் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

கேட்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதே காரியம் கைகூடும் வழி. “என் சர்வீஸ் ரெக்கார்டு முழுவதும் வேண்டும்” என்ற கடிதம் மேசைக்கு மேசை நகரும். “என் திருமணம் பதியப்பட்ட பார்ட் டூ ஆர்டரின் சான்றளிக்கப்பட்ட நகல் வேண்டும்” என்றால் எந்தப் பிரிவு, எந்தக் கட்டு என்பது எழுத்தருக்கு உடனே தெரியும். ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு விடுவிப்பு மெடிக்கல் போர்டு நடவடிக்கை, பணிக்காலக் கணக்குக்கு ஷீட் ரோல், பதக்கத்துக்கு அதற்குரிய பதிவு என்று குறிப்பிட்டுக் கேட்கவேண்டும்.

டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையத்தளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கை பெற்று, உறுதிமொழிப் பத்திரத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பிப்பது வழக்கம். அந்த அலுவலகம் பணி ஆவணங்களைக் காப்பதில்லை. முன்னாள் படைவீரரைப் பதிவு செய்து அடையாள அட்டை தருவதும், நலத்திட்ட விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதும், ரெக்கார்டு ஆபீஸோடு கடிதத் தொடர்பு கொள்வதும் அதன் பணிகள். அதன் முத்திரையோடு போகும் கடிதத்தில் விண்ணப்பதாரர் யார் என்ற ஐயம் எழாது. 2019க்கு முன் திருநெல்வேலியில் பதிந்தவர்கள் பழைய பதிவு எண்ணையும் எழுதுவது நல்லது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்

கடிதத்துக்குப் பதில் வராதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 கைகொடுக்கும். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டாலும், தந்த பதில் நிறைவில்லை என்றாலும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தனிநபர் தகவலுக்கு இச்சட்டத்தில் விலக்கு உண்டு; தன் சொந்த ஆவணத்தைக் கேட்பவருக்கு அது தடையாகாது. வேறொருவரின் ஆவணத்தைக் கேட்டால் தடையாகலாம்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கு மனு செய்து பழகியவர்கள் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பிவிடுவது உண்டு. படை அலுவலகங்கள் மத்திய அரசைச் சேர்ந்தவை. 2012ஆம் ஆண்டு மத்திய விதிகளில் ரொக்கம், வரைவோலை, வங்கிக் காசோலை, இந்தியத் தபால் ஆணை, இணையவழிச் செலுத்தல் ஆகியவையே உண்டு, வில்லை இல்லை. தென்காசித் தலைமை அஞ்சலகத்தில் 10 ரூபாய் தபால் ஆணை வாங்கி இணைக்கலாம், அல்லது மத்திய அரசின் இணையத்தளத்தில் விண்ணப்பித்து அங்கேயே செலுத்தலாம். சட்டப்படி தமிழிலும் எழுதலாம். ஆனால் ஜபல்பூரிலோ நாசிக்கிலோ அதைப் படித்துப் பதில் எழுதவேண்டியவரை எண்ணி, ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுவோரே மிகுதி.

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்பதில்லை. அரசு ஊழியரின் ரகசிய மதிப்பீட்டு அறிக்கையை அவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2008இல் தேவ் தத் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், படை அதிகாரிகளுக்கு அது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது.

மருத்துவ ஆவணங்களின் முக்கியத்துவம்

2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலைப்பாடு, ஊனமுற்றோர் ஓய்வூதிய வழக்குகளில் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. சேர்க்கையின்போது நோய் பற்றிய குறிப்பு எதுவும் எழுதப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ளவேண்டும். பின்னர் வந்த நோய் பணியால் வந்ததல்ல என்று நிறுவும் பொறுப்பு படையைச் சேரும். ஆகவே இத்தகைய வழக்கில் இரண்டு தாள்கள் வேண்டும்: சேர்ந்த நாளின் மருத்துவச் சோதனை, விடுவிப்பு மெடிக்கல் போர்டின் கருத்து. இவற்றைப் பெற்ற பிறகே படைத்துறைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகுவது முறை. அத்தீர்ப்பாயம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது.

அழிக்கப்பட்ட ஆவணங்கள்

ஓய்வூதியம் இன்றி விடுவிக்கப்பட்டவர்களின் ஆவணங்கள் 25 ஆண்டுகள் மட்டுமே காக்கப்பட்டு, பின்னர் அழிக்கப்படும் என்பது தரைப்படை ஒழுங்குவிதி. ஜவானுக்குப் பணி ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டுப் பணி வேண்டும். 1960களிலும் 70களிலும் சேர்ந்து, சில ஆண்டுகளில் ரிசர்வுக்கு அனுப்பப்பட்டோ சொந்தக் காரணத்தாலோ ஊர் திரும்பியவர்கள் இவ்விதியில் சிக்குகிறார்கள். அவர்களுக்கு எஞ்சுவது லாங் ரோல் என்ற நிரந்தரப் பதிவேடு. பெயர், எண், சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், காரணம் போன்ற சுருக்கக் குறிப்புகள் அதில் இருக்கும். “ஆவணம் அழிக்கப்பட்டது” என்று பதில் வந்தால், லாங் ரோல் பதிவின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கேட்பது அடுத்த படி. 65 வயதைக் கடந்த, ஓய்வூதியம் இல்லாத, ஹவில்தார் வரையிலான முன்னாள் வீரர்களுக்குக் கேந்திரிய சைனிக் போர்டு வழங்கும் வறுமை உதவித்தொகைக்கும் பணிச்சான்று தேவை என்பதால், இத்தகையோர் டிஸ்சார்ஜ் புக்கைத் தொலைக்காமல் வைத்திருப்பது மிக முக்கியம்.

மலாயாவிலும் பர்மாவிலும் இந்தியத் தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களைப் பற்றிய தேடல் ரெக்கார்டு ஆபீஸில் முடியாது. அப்படை குறித்த 990 கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகம் 1997இல் புதுடெல்லியின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றியது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் முன்னாள் வீரர்களின் ஆவணங்கள் செயின்ட் லூயிஸ் நகரின் ஒரே மையத்தில் குவிந்திருந்தன. 1973 ஜூலை 12 அன்று அங்கே மூண்ட தீயில் 1.6 முதல் 1.8 கோடிக் கோப்புகள் எரிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் ஆவணங்களில் சுமார் 80 விழுக்காடு போயிற்று. பிரிட்டனில் முதல் உலகப் போர் வீரர்களின் கோப்புகளில் பெரும்பகுதி 1940இல் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்தது. இரு நாடுகளிலும் சம்பளப் பட்டியல், பதக்கப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு போன்ற துணைப் பதிவுகளைக் கொண்டு பணி வரலாறு திரும்பக் கட்டப்படுகிறது. இந்தியாவில் ஆவணங்கள் படைப்பிரிவு வாரியாகப் பல ஊர்களில் பிரிந்து கிடப்பது விண்ணப்பதாரருக்கு அலைச்சல்தான். ஆனால் ஒரே விபத்தில் எல்லாம் அழியும் ஆபத்து அதனாலேயே குறைவு.